வண்டியில் சத்தமே இல்லையாம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருக்க வேண்டும், குழந்தைக்குச் சளி விட்டிருக்க வேண்டும் என்பதுதான் எந்நேரமும் என் நினைப்பு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், என் முழங்காலுக்கு ஒன்றும் இல்லை. நீ பதறிப்போய் அனுப்பிய முழங்கால் உறை வந்து சேர்ந்தது, அளவெல்லாம் சரிதான், ஆனால் நான் நன்றாக நடக்கிறேன், மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டுதான் வேலை பார்க்கிறேன். வலி என்று சொன்னது பொய். இந்த வயதில் எதற்குப் பொய் என்று கேட்பாய், எல்லாம் நம் வீட்டுக் கிழட்டு டீசல் காரால் வந்த வினை. ஃபோனில் சொல்லலாம் என்றால் அப்பா எதிரே உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அதனால்தான் மதியம் கடை ஓய்ந்திருக்கும் நேரத்தில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுகிறேன், ஆள் வந்தால் எழுந்து போக வேண்டும், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

வண்டியை உனக்குத் தெரியும், நீ காலேஜ் போன காலத்திலேயே அது கிழடு. சாவியைப் பாதி திருப்பிவிட்டு எஞ்சின் சூடேறி அந்த மஞ்சள் சுருள் விளக்கு அணையும்வரை அப்பா காத்திருப்பதும், அப்புறம் அது இருமி உதறிப் புகை கக்கிக் கிளம்புவதும், எதிர் வீட்டு டீச்சர் பட்டென்று ஜன்னலைச் சாத்துவதும் இன்றைக்கும் அப்படியே நடக்கிறது. மேம்பாலம் ஏறும்போது பஸ் முந்தும், லாரி முந்தும், போன வாரம் தண்ணீர் கேன் ஏற்றிய மூன்று சக்கர வண்டிக்காரன்கூட முந்திக்கொண்டு போய்த் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். அப்பாவுக்கு அதில் வெட்கமே கிடையாது, நாம போற இடம் எங்கயும் ஓடிடாது என்பார். அச்சகத்துக்கு இன்னும் தினமும் அதில்தான் போகிறார், வேறு வண்டி பேச்சை எடுத்தால் முகம் சுருங்கிவிடும். சாயங்காலம் தெருமுனையில் அதன் கடகடப்பு கேட்டதும் நான் அடுப்பைப் பற்றவைத்தால் அவர் கைகால் கழுவி வருவதற்குள் டீ தயார். இத்தனை வருஷமாக அதுதான் நம் வீட்டுக் கடிகாரம்.

அந்தக் காய்ச்சலில் அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தாரே, அப்போது வண்டியை மெக்கானிக்கிடம் விட்டிருந்தோம். உடம்பு தேறி, போய் எடுத்து வந்தவருக்கு ஒரே சந்தோஷம். கைராசிக்காரன்டி அவன், சத்தமே இல்லாம பண்ணிட்டான், புது வண்டி மாதிரி ஓடுது என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அன்றைக்கும் தெருமுனையில் அதே கடகடப்பைக் கேட்டுத்தான் நான் அடுப்பைப் பற்றவைத்திருந்தேன். மறுநாள் மெக்கானிக் தலைவலி மாத்திரை வாங்க வந்தபோது மெல்ல விசாரித்தேன். ஆயில் மட்டும்தான் மாத்துனேன் அக்கா, வேற எதையும் தொடலை, சார் வந்து கையப் பிடிச்சுக் குலுக்கிட்டுப் போனாரு, எதுக்குன்னே தெரியலை என்று தலையைச் சொறிந்தார். எனக்குப் புரிந்துவிட்டது. அச்சகத்து மிஷின்கள் பாதிக் காதைத் தின்றிருந்தன, மீதியைக் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது.

அப்புறம் கவனித்தேன். ஓடிக்கொண்டிருக்கிற எஞ்சினுக்கே மறுபடி சாவியைத் திருப்புகிறார், கர்ரென்று அது கதறுகிறது, தெருவே திரும்பிப் பார்க்கிறது, இவருக்குத் தெரியவில்லை. இப்போதெல்லாம் கியர் மேல் உள்ளங்கையை வைத்து அதிர்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நகர்த்துகிறார். நேராகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்னும் ஒரு வருஷம் வேலை இருக்கிறது, காது விஷயம் தெரிந்தால் அச்சகத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்று வேறு பயம். அதனால்தான் நடந்து போக முடியவில்லை, முழங்கால் வலி, என்னைக் கடையில் இறக்கிவிட்டுப் போங்கள் என்று பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். ஹாரன் கேட்டால் ஏதோ பேச்சுக்குச் சொல்வதுபோல, பின்னாடி பஸ் வருது பாருங்க என்பேன். சாயங்காலமும் அவர் வரும்வரை கடையிலேயே காத்திருக்கிறேன். ஆனால் கடைக்கும் அச்சகத்துக்கும் நடுவே அவர் தனியாகப் போகிற அந்தத் தூரம் இருக்கிறதே, அங்கே போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று அவர் செய்தி அனுப்பும்வரை எனக்கு எந்த மாத்திரை எந்த டப்பாவில் என்பதே மறந்துபோகிறது.

போன வெள்ளிக்கிழமை மேம்பாலத்தில் பாதி ஏறியிருக்கிறோம், பின்னால் ஆம்புலன்ஸ் அலறுகிறது. இவர் நடு ரோட்டில் நிதானமாக உன் பிள்ளையின் சேட்டையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டு போகிறார். எனக்கு உயிரே போய்விட்டது, ஓரங்கட்டுங்க என்று தோளைப் பிடித்து உலுக்கினேன். கண்ணாடியில் பார்த்தவர் வெடுக்கென்று ஒதுக்கினார், அது கடந்து போயிற்று. உள்ளே யார் படுத்திருந்தார்களோ தெரியாது. அன்று வீட்டுக்கு வந்து வழக்கம்போல என் காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டார், ஒன்றுமில்லாத காலுக்குத் தினமும் தேய்க்கிறார் பாவம். தேய்த்துக்கொண்டே தலையைத் தூக்காமல், உன் முழங்கால் ஒண்ணும் அவசரப்பட்டு சரியாக வேணாம், இன்னும் கொஞ்ச நாள் என்கூடவே வா என்றார்.

புதன்கிழமை என் முழங்காலைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். காது டாக்டரும் அதே மாடியில்தான் இருக்கிறார், விசாரித்து வைத்திருக்கிறேன். உள்ளே வருவாரா மாட்டாரா தெரியவில்லை.

இன்னொன்று. நீ கூப்பிட்டால், நல்லா இருக்கியாம்மா, இந்தா அம்மாகிட்ட பேசு என்று ஃபோனை என்னிடம் தந்துவிடுகிறாரே, அப்பாவுக்கு என்மேல் என்ன கோபம் என்று அன்றைக்கு அழுதாயே. கோபம் இல்லை கண்ணே. உன் குரல் அவருக்குக் கேட்கவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையை வண்டியை மெதுவாக ஓட்டச் சொல். மூன்று பேரும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். அப்பாவுக்கு உன் கையால் ஒரு கடிதம் எழுதிப் போடு, குழந்தை பேசுவதையெல்லாம் ஒன்று விடாமல் எழுது. காதைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். அம்மாவுக்கு முழங்கால் எப்படி இருக்கிறது, தினமும் கூடக் கூட்டிக்கொண்டு போகிறீர்களா என்று மட்டும் மறக்காமல் கேள்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா