பாண் மீதான பிராது

கார்த்திகை, திங்கள்

விடாத மழை. துறைமுகப் பக்கம் புகைமூட்டம். பிஸ்கட் தகரத்தில் வைத்த பாணில் மீண்டும் பூஞ்சணம்.

மனைவி புவனம்: “ரகீம் நானா பழைய பாணைச் சூடாக்கி எங்கட தலையில கட்டுறார். அடுத்த மாசத்தில இருந்து ஒழுங்கையில ஒருத்தரும் வாங்கிறதில்லையாம். நானும் ஓமெண்டிட்டன்.”

ராணுவச் சென்றிப் பொயிண்ட் தாண்டி இவ்வொழுங்கைக்குள் சைக்கிளில் வரும் பாண்காரர் அவர் ஒருவரே. நிறுத்தினால் மீண்டும் வரமாட்டார். இந்நாட்களில் அந்தக் கதை பாணோடு நிற்கவும் மாட்டாது; தமிழர், முஸ்லிம் என்று போகும்.

வழக்கறிஞர் பழக்கம்: விசாரணையின்றித் தண்டனை கூடாது என்றேன். மாத முடிவு வரை தவணை கிடைத்தது.

செவ்வாய்

ஒரே அளவில் இரு தகரங்கள். ஒன்றில் ரகீம் நானாவின் பாண், வாசற் படலையில் வாங்கிய உடனே. மற்றதில் புவனம் சந்தையிலிருந்து கொண்டுவந்த வேறு பேக்கரிப் போறணையில் சுட்ட பாண். ஒரே அலுமாரி, ஒரே தட்டு. கடதாசி ஒட்டினேன்: குற்றஞ்சாட்டப்பட்டதில் ‘எதிரி’, மற்றதில் ‘ஒப்பீடு’.

“பாணுக்கும் சத்தியக்கடதாசி முடிப்பீங்களோ?” என்றாள்.

குறிப்பு: பூச்சிக்குப் பயந்து, பாணைச் சூட்டோடு தகரத்தில் இறுக மூடும்படி சொன்னவன் நான். ஒழுங்கை முழுதும் அதையே செய்கிறது.

வெள்ளி

எதிரியில் வெள்ளை நூல்கள், பஞ்சு போல. நடுவில் பச்சைப் புள்ளி. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் ஒவ்வொரு நூலின் தலையிலும் குண்டூசித் தலை. அழகு என்று எழுதத் தயக்கம், ஆனால் அழகுதான்.

ஒப்பீட்டில் எதுவுமில்லை.

“இனி என்ன சொல்லப்போறீங்கள்?”

ஒன்று மட்டும் உறுத்துகிறது. எதிரியின் மூடியின் உட்புறம் நீர்த்துளிகள். மற்ற மூடி காய்ந்து கிடக்கிறது. மூடிய தகரத்துக்குள் மழை ஏது?

சனி

காலை முழுதும் அந்தத் துளிகளே. பிறகு புவனத்தைக் குறுக்கு விசாரணை செய்தேன்.

“சந்தையால நேர வந்தனீரோ?”

“எங்க வர விட்டவங்கள்? சென்றியில எவ்வளவு நேரம் மறிச்சு வைச்சவங்கள். பாண் பச்சைத்தண்ணி மாதிரி ஆறிப்போச்சு.”

அதுதான். ஒன்று நானாவின் பெட்டியிலிருந்து எடுத்த கை பொறுக்காத சூட்டில் மூடப்பட்டது. மற்றது ஆறிய பின். இரண்டும் ஒரே நிலையில் நிறுத்தப்படவில்லை. விசாரணை செல்லாது.

புதிதாக, ரகீம் நானாவின் ஒரே றாத்தல் பாணில் இரு துண்டுகள். ஒன்று சூட்டோடு தகரத்தில். மற்றது சுளகில் ஆறவிட்டு, பிறகு தகரத்தில்.

உளுந்து முடிந்துவிட்டது. மண்ணெண்ணெய் வாங்க மறந்தேன்.

புதன்

சூட்டோடு மூடியது: மூடியில் துளி, பாணில் பச்சை. ஆறியது: சுத்தம். இருமுறை மணந்து பார்த்தேன்.

முடிவு, வரையறையோடு: ரகீம் நானாவின் பாண் பழையது என்பதற்கு ஆதாரமில்லை. சூட்டின் ஆவி நீராகிப் பாணை நனைப்பது போதிய காரணம். ஆறிய பாணும் நாளடைவில் பழுதாகலாம். அது வேறு வழக்கு.

புவனம் இரு துண்டுகளையும் நெடுநேரம் பார்த்தாள்.

“அப்ப எதிரி நீங்கள்தான்.”

மாலை குழாயடியில் நின்ற பெண்களிடம் நானே போய்ச் சொன்னேன். எதிர்வீட்டு அம்மா சிரித்தார். “அப்புக்காத்து ஐயா சொன்னதெண்டுதானே மூடினனாங்கள்! இப்ப திறக்கட்டாம்!” நம்பினார்களா, தெரியவில்லை. குடங்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

மார்கழி, முதல் நாள்

தூறல். சைக்கிள் மணி. எங்கள் படலை மட்டும் திறந்தது.

ரகீம் நானா வெறும் ஒழுங்கையைப் பார்த்தார். “என்னய்யா, எல்லாரும் இன்னும் நித்திரையோ?”

புவனம் என்னைத் தள்ளிக்கொண்டு முன்னே போய், தேவைக்கு அதிகமான குரலில்:

“நானா, நல்ல சூட்டுப் பாணா ரெண்டு தாங்கோ! ஆறவைச்சுத்தான் இனி மூடுவன்!”

எதிர்வீட்டுப் படலையின் கொழுக்கி கழன்ற சத்தம்.