பசைக்கு வாங்கிய மைதா

முதலியார்பேட்டை,
17.10.2006

என் செல்ல மகள் சரிதாவுக்கு அம்மா எழுதுவது. பஹ்ரைனில் நைட் டூட்டி முடித்து வந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா, இல்லை பிஸ்கட்டோடு படுத்துவிடுகிறாயா? இங்கே என் இடது முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம்தான். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நீ குறுக்கே பேசுவாய், கடிதத்தில் அது முடியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ, "கேஸை விட்டுடும்மா, அப்பா போயே ஏழு வருஷம் ஆவுது, மில்லையும் மூடிட்டாங்க, இனிமே யாருக்குக் காட்டப் போற" என்றாய். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது, அதை மறைக்கப் போவதில்லை. யாருக்குக் காட்டவா? உன் அப்பா கலியமூர்த்தி நூல் திருடினார் என்று வேலையை விட்டு நீக்கி மில் கேட்டில் நோட்டீஸ் ஒட்டினார்களே, அதை வீட்டில் முதலில் படித்தது நீதானே அம்மா. நாலாங்கிளாஸ். பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு ஓடிவந்து, "அப்பா பேரு போட்டிருக்கு" என்று சந்தோஷமாகச் சொன்னாய். அவர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. எனக்கு வேலையும் வேண்டாம், நஷ்டஈடும் வேண்டாம். இவர் திருடவில்லை என்று தீர்ப்பு வாங்கி, அதே கேட்டில் ஒட்ட வேண்டும். மில்தான் மூடியிருக்கிறது, கேட் அங்கேயேதான் நிற்கிறது, போன வாரம்கூடப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

அதற்காக நான் இங்கே அழுதுகொண்டு கிடப்பதாக நினைக்காதே. வாய்தா நாள் எனக்குப் பொழுதுபோக்கு மாதிரி. நீ அனுப்பிய ஊதாச் சேலையைக் கட்டிக்கொண்டு போகிறேன், அங்கே பேர் கூப்பிடுகிற டவாலிக்குக்கூட என் முழங்காலைப் பற்றி விசாரிக்கத் தெரியும். உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று, சிரிக்காதே. தீர்ப்பு என்று தேதி போடும்போதெல்லாம் பசை காய்ச்ச அரைக் கிலோ மைதா வாங்கிவிடுவேன். மில் தொழிலாளர் சங்கத்துப் போஸ்டர் ஒட்டின மனுஷன் பெண்டாட்டி இல்லையா, மாடு தின்னாமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் கலக்க வேண்டும் என்பதுவரை தெரியும். (துத்தத்தைச் சமையல்கட்டுப் பக்கமே வைக்கவில்லை, பயப்படாதே.) முதல் தடவை ஜட்ஜுக்கு மாற்றல், அடுத்த தடவை மில் வக்கீலுக்கு அம்மை, அப்புறம் ஒரு தடவை பந்த். ஒவ்வொரு தடவையும் மைதாவில் வண்டு விழுவதற்குள் புளித்த மோர் ஊற்றிப் பிசைந்து போண்டா போட்டுத் தெருவுக்கே கொடுத்துவிட்டேன். இப்போதெல்லாம் எதிர்வீட்டுச் செல்வாம்பாள் நான் கோர்ட்டிலிருந்து வந்தால் தீர்ப்பு என்ன என்று கேட்பதே இல்லை, "எண்ணெய் காய வைக்கட்டுமாக்கா" என்றுதான் கேட்கிறாள்.

ஆனால் இந்தத் தடவை விஷயம் வேறு. மில் வாட்ச்மேன் அம்மாவாசையை உனக்கு ஞாபகம் இருக்கும், பெரிய மீசை. முழங்காலைக் காட்டப் பெரியாஸ்பத்திரிக்குப் போனபோது கண் டாக்டர் வரிசையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, "அஞ்சலாட்சி, மூர்த்தி சாப்பாட்டுப் பையில நூல வச்சது மேஸ்திரிதான். நான் கண்ணால பாத்தேன். வேல போயிடும்னு வாயத் தொறக்கல" என்றார். நன்றாகக் கேட்டுவிடத்தான் வாயெடுத்தேன். அந்த மீசையெல்லாம் நரைத்துப்போய் நின்றார். டீ வாங்கிக் கொடுத்துக் கையோடு வக்கீலிடம் கூட்டிப்போனேன். ஆகஸ்டில் கூண்டில் ஏறி அப்படியே சொல்லிவிட்டார். நாளைக்குத் தீர்ப்பு. மைதா வாங்கியாயிற்று.

நீ லீவு கேட்டு வை. தீபாவளிக்குத் தலைக்கு எண்ணெய் வைக்காமல் இருந்துவிடாதே. உன்னோடு தங்கியிருக்கும் பெண் ஊர் நினைப்பில் அழுகிறாள் என்றாயே, அவளுக்கும் சேர்த்துச் சமைத்துப் போடு. அன்றைக்குக் கேட்டில் இருந்ததை முதலில் படித்தது நீ, நான் ஒட்டப்போகிற தீர்ப்பையும் நீதான் முதலில் படிக்க வேண்டும். உன் அப்பாவின் நல்ல மனசும் என் பிடிவாதமும் உன்னோடு இருந்து உன்னைக் காக்கட்டும்.

ஆசிகளுடன் உன் அம்மா,
க. அஞ்சலாட்சி

18.10.2006
கவரை ஒட்டாமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. ஜட்ஜ் ஐயாவுக்குச் சிக்குன்குனியாவாம், தீர்ப்பு நவம்பர் 29-க்குத் தள்ளிப்போய்விட்டது. பாவம், மூட்டுவலி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா. பஸ்ஸில் வரும்போது கொஞ்சம் கண் கலங்கியது. வீட்டுக்கு வந்தால் செல்வாம்பாள் அடுப்பைப் பற்ற வைத்துவிட்டாள். அம்மாவாசையும் கூட வந்திருந்தார், ஏழு போண்டா சாப்பிட்டார். இந்தத் தடவை மைதா முழுவதையும் பிசையவில்லை. ஒரு டம்ளர் அளந்து, வண்டு விழாமல் டப்பாவில் போட்டு இறுக மூடி வைத்திருக்கிறேன். ஒரு கேட்டுக்கு அது போதும்.