பெரட்டில் விடுபட்ட பெயர்

மேல் பிரிவு,
அக்கரப்பத்தனை.
புதன்கிழமை.

அன்பு மகள் நிலக்ஷிக்கு அம்மா எழுதுவது,

நானும் அப்பாவும் சுகம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று போனில் சொன்னதை நம்பிக்கொண்டுதான் எழுதுகிறேன். மட்டக்களப்பு வெயிலில் கறுத்துப் போய்விட்டதாகக் குறைப்படுகிறாய். இங்கே பத்து நாளாக வெயில் முகமே இல்லை. துவைத்த துணியெல்லாம் அடுப்புக்கு மேலேதான் தொங்குகிறது. என் சேலையை முகர்ந்தால் கருவாடு சுட்ட மாதிரி இருக்கிறது.

கையில் போன் இருக்க அம்மாவுக்கு எதற்குக் கடிதம் என்று சிரிப்பாய். ஒட்டி ஒட்டிக் கட்டிய நம் லயத்து வீடுகளின் சுவர் உனக்குத் தெரியாததா? நான் போனில் இருமினால் மூன்றாம் வீட்டிலிருந்து கொத்தமல்லித் தண்ணீர் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை நீ பேசும்போது, புதிதாக ஏதும் விசேஷம் உண்டா என்று கேட்டாய். ஒன்றுமில்லை என்றேன். அது பொய், மகள்.

நம் மலைக்குக் கங்காணியாக இருந்த மகாலிங்கம் அண்ணன் முழங்கால் வலி தாங்காமல் வேலையை விட்டுவிட்டு, தலவாக்கலையில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். அந்த இடத்துக்கு, கொழுந்து பறிக்கிற பெண்களிலேயே ஒருத்தியை எடுக்கப் போகிறார்களாம். விருப்பமுள்ளவர்கள் சொந்தக் கையெழுத்தில் எழுதி வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும் என்று ஆபீஸ் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். அதற்காக நான் வாங்கிய தாளின் மிச்சத்தில்தான் உனக்கு எழுதுகிறேன்.

உன்னிடம் சொல்லத்தான் எனக்குப் பயம். ‘இன்னும் எட்டு மாசம் பொறுத்துக்கங்கம்மா, படிப்பு முடிஞ்சு எனக்கு வேலை கிடைச்சதும் நீங்க மலைப்பக்கமே போகக்கூடாது’ என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறாய். என் காலில் அட்டை கடித்த இடத்தைப் பார்த்துச் சின்ன வயதில் நீ அழுத அழுகை எனக்கு மறக்கவில்லை. அப்படிப்பட்ட பிள்ளையிடம் போய், எனக்கு மலையை விட்டு இறங்க ஆசையில்லை, அங்கேயே ஒரு படி மேலே போகத்தான் ஆசை என்று எந்த வாயால் சொல்வது?

அப்பாவிடம் சொன்னேன். ‘வீட்லயும் கங்காணி, மலையிலயும் கங்காணியா’ என்று கேட்டார். பிறகு எழுந்து போய் ரொட்டிக்கு மாவை அவரே பிசைந்தார். சம்மதம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

பேச்சியம்மா அக்காதான் மனதை நோகடித்துவிட்டார். பதினேழு வருடமாக எனக்குப் பக்கத்துத் தேயிலை நிரையில் நிற்கிறவர். யார் எந்த நிரையில் பறிப்பது என்று காலையில் பிரித்துக் கொடுப்பது கங்காணிதானே. வேண்டியவர்களுக்குக் கொழுந்து நிறைந்த நிரை, வேண்டாதவர்களுக்கு வழுக்குகிற பள்ளம். ‘நிரை பிரிக்கிற வேலை வந்துட்டா ஒனக்கும் எங்க மொகம் மறந்து போயிரும் புள்ள’ என்றார். இரண்டு நாள் என்னோடு பேசாமலே மலைக்கு நடந்தார். அந்தப் பள்ளத்தில் நின்று நான் அழுத நாளெல்லாம் அவருக்குத் தெரியும். தெரிந்தும் அப்படிச் சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை.

இதற்கிடையில், ஆள் எடுக்கும்வரை அந்த வேலையை என்னையே பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார், புதிதாக வந்திருக்கும் வெளிக்கள உத்தியோகத்தர் கோபிசங்கர் ஐயா. ஏன் என்னை என்று கேட்டேன். நான் கூப்பிட்டால் அடுத்த மலைக்கும் கேட்கும் என்றார். உன்னைச் சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டு வளர்த்த தொண்டை அல்லவா!

திங்கட்கிழமை காலையில் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக்கு, எல்லார் பெயரும் எழுதிய இடாப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போய் நின்றேன். எப்போதும் நான் நிற்கிற கூட்டம் எனக்கு எதிரே நிற்கிறது. மழை வேறு. படங்குச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு எல்லாரும் என் வாயையே பார்க்கிறார்கள். பெயர்களைக் கூப்பிட்டேன். போன வாரம் பள்ளத்தில் நின்றவர்களுக்கு மேட்டு நிரை, மேட்டில் நின்றவர்களுக்குப் பள்ளம் என்று முறை வைத்துப் பிரித்தேன். அந்த முறைப்படி பேச்சியம்மா அக்காவுக்குப் பள்ளம் வந்தது. முகத்தைப் பார்க்காமலே சொன்னேன். அவரும் கூடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

சாயங்காலம் இடாப்பைப் பார்த்த ஐயா, ‘இன்னைக்குப் புஷ்பராணி வேலைக்கு வரலையா?’ என்று என்னிடமே கேட்டார். எல்லாரையும் கூப்பிட்டேன், மகள், என்னை நான் கூப்பிடவில்லை. என் பெயரை நானே கூப்பிட்டு, இருக்கேன் என்று நானே பதில் சொல்வதா என்று வெட்கப்பட்டு அந்த வரியைத் தாண்டிவிட்டேன். நாள் முழுக்க மலையில் நனைந்தவள், வேலைக்கு வராதவளாகிவிட்டேன். நான் வீடு வந்து சேருவதற்குள் லயம் முழுக்கச் சிரிப்பு. அப்பாகூட வாசலில் நின்று, ‘வேலைக்கு வராதவளுக்கு இங்க தேத்தண்ணி இல்ல’ என்றார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. சொந்தப் பெயரைக் கூப்பிடத் தெரியாதவளுக்குக் கங்காணி வேலை ஒரு கேடா என்று, எழுதி வைத்திருந்த விண்ணப்பத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

நேற்றும் போக வேண்டியிருந்தது, போனேன். பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு வந்தேன். என் பெயர் இருந்த வரியில் மறுபடியும் நாக்கு ஒட்டிக்கொண்டது. அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு குரல், ‘புஷ்பராணி!’ என்று கூப்பிட்டது. பேச்சியம்மா அக்கா. அடுத்து அத்தனை பெண்களும் சேர்ந்து, ‘புஷ்பராணீ!’ என்று கத்தினார்கள். கோயில் பக்கமிருந்த நாயெல்லாம் குரைத்தது.

‘இருக்கேன்’ என்றேன். அழுதுவிட்டேன், மகள். நல்லவேளை மழை பெய்தது.

அக்கா அதோடு விடவில்லை. ‘பேரு கூப்புட்டாச்சுல்ல, இன்னைக்கிப் பள்ளம் யாருக்குன்னு சத்தமாச் சொல்லு’ என்றார். முறைப்படி அன்று பள்ளம் யாருக்கோ அவர்கள் பெயரைச் சத்தமாகச் சொன்னேன். நேற்றுச் சாயங்காலம் என்னோடு பேசிக்கொண்டேதான் வீட்டுக்கு நடந்தார்.

இருபத்தொரு வருடமாகப் பெரட்டில் என் பெயரைக் கேட்கிறேன். இத்தனை பேர் நான் வேண்டும் என்று கூப்பிட்டது நேற்றுத்தான். வீட்டுக்கு வந்து விண்ணப்பத்தை மறுபடியும் எழுதினேன். எழுத்துப் பிழை இருக்கும், நீ பார்த்தால் திருத்துவாய். சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை காலையில் கொடுத்துவிடுவேன்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வர வெள்ளிக்கிழமை தாண்டிவிடும். அது தெரிந்துதான் எழுதுகிறேன். போனில் நீ வேண்டாம் என்று சொன்னால் எனக்குத் தட்டத் தெரியாது. கோபித்துக்கொள்ளாதே.

நீ நன்றாகப் படி. நினைத்த வேலை உனக்குக் கிடைக்கும், முருகன் கைவிட மாட்டான். முதல் சம்பளத்தில் எனக்கு நல்லதொரு மழைக்கோட்டு வாங்கிக் கொடு, மலையில் போட்டுக்கொள்கிறேன். லீவுக்கு வரும்போது ஒரு நாள் விடியற்காலையில் எழுந்து என்னோடு பெரட்டுக்கு வா. பேச்சியம்மா அக்கா பக்கத்தில் நில். என் வரி வரும்போது அம்மா என்று கூப்பிடாதே, பெயரைச் சொல்லியே கூப்பிடு. நான் இருக்கேன் என்று சொல்வதை நீ கேட்க வேண்டும்.

உன் அன்பு அம்மா,
அ. புஷ்பராணி