பகலில் எடுத்த ரத்தம்

3 பிப்ரவரி 1986, திங்கள்
என் வீட்டுக்காரருக்கு மறுபடி நெறி கட்டிக் காய்ச்சல். வலது கால் வீங்கி, செருப்பு நுழையவில்லை. மாமனார் யானைக்காலோடுதான் செத்தார். எனக்குப் பயமாக இருக்கிறது. இவரோ, "ரத்தத்துல ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்களே, அப்பறம் என்னா?" என்கிறார். அந்த முடிவைக் கம்ப்யூட்டரில் அடித்ததே நான்தான்.

6 பிப்ரவரி
எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் மற்ற டாக்டர்கள் கொசுவைப் பார்ப்பார்கள். செல்வாம்பாள் மேடம் கம்ப்யூட்டரில் எண்களைப் பார்த்தே நோயைத் துரத்துகிறவர். இன்று, "முத்தியால்பேட்டையில வூடு வூடா ரத்தம் எடுத்தப்ப எழுதின அட்டையில தொழில்னு ஒரு கட்டம் இருக்கே தனக்கொடி, அத ஏன் அடிக்கல?" என்றார். யாரும் கேட்கவில்லை, அடிக்கவில்லை. இப்போது அத்தனை அட்டையும் மறுபடி! நல்லா இருங்க மேடம்.

17 பிப்ரவரி
முடித்துவிட்டேன். விரல்தான் மிச்சம்.

18 பிப்ரவரி
மில்லில் ராத்திரி ஷிப்டு பார்க்கிற ஒருவருக்குக்கூட யானைக்கால் புழு இல்லையாம்! அதே வீட்டுப் பெண்களுக்கு இருக்கிறது. "பஞ்சுத் தூசியில புழு செத்திருக்கும்" என்று கொசு டாக்டர் ஆதிமூலம் சார் சிரித்தார். மேடம் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.
"ஒங்க வூட்டுக்காரரும் ராத்திரி ஷிப்டுதானே? எப்பத் தூங்குவாரு?"
"பகல்லதான் மேடம். வருஷக்கணக்கா."
மேசையை ஓங்கித் தட்டினார். இந்தப் புழு ஆள் தூங்கும் நேரத்தில்தான் ரத்தத்துக்கு வரும். அதனால்தான் ஊரெல்லாம் ராத்திரியில் ரத்தம் எடுக்கிறோம். ஆனால் முழித்துக்கொண்டு வேலைக்குக் கிளம்புகிற ஆளிடம் அப்போது எடுத்தால் என்ன தெரியும்? அவர் தூங்கட்டும் என்று தினம் காலையில் ஜன்னலைச் சாத்திவிட்டு வருகிறவளே நான் — எனக்குத் தோணலையே! இந்தம்மா வெறும் எண்ணைப் பார்த்துப் பிடித்துவிட்டார். என்ன மூளை!

20 பிப்ரவரி
மத்தியானம் மேடமே வீட்டுக்கு வந்து, தூங்குகிறவரை எழுப்பி விரலில் குத்தினார். "பகல்லயும் வுட மாட்டீங்களா?" என்று முனகினார் இவர்.

21 பிப்ரவரி
புழு இருக்கு. நிறைய இருக்கு. ஆபீசிலேயே அழுதுட்டேன். "அழுவாத. இத்தன நாள் தெரியாம இருந்ததுதான் ஆபத்து. இனிமே மாத்திரை போடலாம், கால சுத்தமா வச்சுக்கலாம். அவங்கப்பா மாதிரி ஆவ விட மாட்டோம்" என்றார் மேடம். கும்பிடத் தோன்றியது. கும்பிட்டால் திட்டுவார்.

2 மே
ராத்திரி ஷிப்டுக்காரர்களுக்கு இப்போது பகலில்தான் ரத்தம் எடுக்கிறார்கள். தூக்கம் கெடுகிறது என்று கதவைத் திறக்காதவர்களை என் வீட்டுக்காரர்தான் போய் எழுப்புகிறாராம்: "தூக்கம் போனா நாளைக்குத் தூங்கலாம்டா. காலு போனா வருமா?"
சாப்பிட்டுவிட்டு ஷிப்டுக்குக் கிளம்பினார். வாசலில் செருப்பை மாட்டினார். வலது காலும் நுழைந்தது.