சயாமில் கூப்பிட்ட பெயர்

அன்புள்ள அப்பாவுக்கு,

தங்கவேல் எழுதுகிறேன். இங்கே நான் நலம். சர்க்கரை மாத்திரையை வேளைக்குப் போடுகிறீர்களா? போனில் சொன்னால் குரல் உடைந்துவிடும் என்றுதான் இதை எழுதுகிறேன். பயப்படும்படி ஒன்றும் இல்லை; உட்கார்ந்து படியுங்கள்.

இங்கே மலாயாவில், பிரிக்பீல்ட்ஸில் நான் வேலை செய்யும் சாப்பாட்டுக் கடைக்குக் காப்பார் என்ற ஊரிலிருந்து சுகுமாறன் என்ற பெரியவர் வருவார். நேற்று மதியம் என் ஊரைக் கேட்டார். லால்குடி என்றதும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

“ஜப்பான்காரன் காலத்துல எங்கப்பாவ எஸ்டேட்லேர்ந்து சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடிச்சிட்டுப் போனாங்க. கூட ஒரு லால்குடிக்காரரு, பேரு பெரியண்ணன். காலரா வந்து அங்கேயே போயிட்டாரு,” என்றார்.

தாத்தா பெயரைக் கேட்டதும் அவர் எதிரே உட்கார்ந்துவிட்டேன். “அவருக்குப் பிள்ளைங்க உண்டா அங்கிள்?”

“ஊர்ல ஒரே பையன் லா. அய்யாக்கண்ணு. காய்ச்சல்லயும் அந்தப் பேரத்தான் கூப்பிட்டுக்கிட்டு இருந்தாராம். எங்கப்பா சொல்லிச் சொல்லி அழுவாரு.”

“அது எங்கப்பா,” என்றேன். அவர் எழுந்து என்னைக் கட்டிக்கொண்டார்.

மலாயாவில் வேறு குடும்பம் தேடிக்கொண்டு உங்களை மறந்துவிட்டார் என்றுதானே இத்தனை வருஷம் நினைத்திருந்தீர்கள்? அவர் மறக்கவில்லை, அப்பா.

யாராவது இங்கே வந்தால் நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்துவிடுங்கள். கூடவே உங்கள் கையெழுத்தில் நாலு வரி.

கடையில் கூட்டம் சேர்ந்துவிட்டது, கூப்பிடுகிறார்கள். ஓடிப்போனவருக்கு எதற்கு என்று நீங்கள் தாத்தாவுக்குத் திதியே கொடுத்ததில்லை. வருகிற அமாவாசைக்குக் கொள்ளிடம் போய்க் கொடுங்கள். தனியாகப் போகாதீர்கள், அக்காவைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

உங்கள் மகன்,
தங்கவேல்