பெட்ரோல் போட்டால் மட்டும் நிற்கிற வண்டி

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் சுகமாகத்தான் இருக்கிறோம். அங்கே எல்லாரும் சுகம் என்று நீ போனில் சொன்னதை முக்கால்வாசி நம்புகிறேன், ஏனென்றால் பேச்சின் நடுவே இரண்டு தரம் இருமினாய். வெந்நீர் குடி. இதையெல்லாம் போனிலேயே சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனில் நான் உன்னிடம் சொல்வதெல்லாம் சாயங்காலத்துக்குள் உன் அண்ணன் காதுக்குப் போய்விடுகிறது. எப்படிப் போகிறது என்று நான் கேட்கவில்லை. அதனால்தான் கடிதம்.

விஷயம் நீ விட்டுப்போன கார். அப்பாவுக்கு வலது பக்கம் வாதம் வந்ததிலிருந்து அவரைப் பயிற்சிக்கு நான்தான் அதில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க்கொண்டிருந்தேன், உனக்கே தெரியும். போன மாதம் வண்டி திடீரென்று நடுரோட்டில் நிற்க ஆரம்பித்தது. சிக்னலில் வேகம் குறைத்தால் ஒரு குலுக்கல், அப்புறம் சத்தமே இல்லை. மூன்றாவது தடவை பாலத்து மேல் நின்றது. பின்னால் வந்தவர்களெல்லாம் ஹாரன் அடித்து என்னைப் பிழிந்து எடுத்துவிட்டார்கள். இது தெரிந்ததும் உன் அண்ணன் வந்தான், சாவியைச் சட்டைப்பையில் போட்டான். “அம்மா, உனக்கு இப்பல்லாம் கிளட்ச் கால் சரியில்ல, டக்குனு விட்டுடுற, அதான் ஆஃப் ஆகுது” என்றான். முப்பது வருஷமாக ஓட்டுகிற காலுக்கு அவன் வைத்தியம் சொல்கிறான். அன்றைக்கே நீயும் போன் பண்ணி “அண்ணன் சொல்றதைக் கேளேன்மா” என்றாயே, அப்போதே எனக்குப் பொறி தட்டியது. நீங்கள் இரண்டு பேரும் முன்னாடியே பேசிவைத்துக்கொண்டீர்களா?

உன்னை மட்டும் சந்தேகப்பட்டேன் என்று நினைக்காதே, யாரையும் விட்டுவைக்கவில்லை. முதலில் உன் அண்ணி மேல்தான் கண். இங்கே வரும்போதெல்லாம் நம் வாசல் நிழலில் தன் வண்டியை நிறுத்த இடம் வேண்டும் என்று அவள் ரொம்ப நாளாக முனகிக்கொண்டிருக்கிறாள். டாங்கில் எதையாவது போட்டுவிட்டாளோ என்று மூடியின் ஓரத்தில் யாருக்கும் தெரியாமல் செல்லோடேப் ஒட்டிவைத்துப் பார்த்தேன். ஒட்டினது ஒட்டினபடியே இருந்தது, பாவம். அடுத்து நம் மெக்கானிக் சோடாபுட்டி. பிளக் மாற்றினான், பம்ப்பைக் கழற்றி மாட்டினான், “இனிமே பாருங்கம்மா, குதிரை மாதிரி ஓடும்” என்றான். குதிரை மறுபடியும் படுத்துக்கொண்டது. அதற்கப்புறம் பெட்ரோல் பங்க்காரன் தண்ணீர் கலக்கிறான் என்று முடிவுகட்டி வேறு பங்க்குக்கு மாறினேன். பாலத்தில் நின்றது அந்தப் புது பங்க் பெட்ரோலோடுதான்.

சாவி போனபிறகு வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதுதான் புத்தி வேலை செய்தது. வண்டி நின்ற மூன்று தடவையும் நான் பெட்ரோல் போட்டுவிட்டு வந்துகொண்டிருந்தேன். மற்ற நாளில் ஒரு தும்மல்கூட இல்லை. என் கால் பெட்ரோல் போட்ட நாளில் மட்டும் எப்படிக் கெட்டுப்போகும், நீயே சொல். இதை உன் அண்ணனிடம் வாயால் சொன்னால் ஏறாது. அதனால் அவன் அதே வண்டியில் அப்பாவைக் கூட்டிப்போன அன்று நானும் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். வழியில் “டாங்கை நிரப்பிக்கோப்பா, காலியாயிருக்கு” என்றேன். வேண்டுமென்றேதான் சொன்னேன். பங்க்கை விட்டு வெளியே வந்து முதல் திருப்பத்திலேயே அவன் காலடியில் வண்டி நின்றது! அவன் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். வண்டி தானாக நின்றுவிட்டதாம். நான் ஓட்டினால் நான் நிறுத்துகிறேனாம், அவன் ஓட்டினால் அதுவாக நிற்கிறதாம்.

நேரே சோடாபுட்டியிடம் விட்டோம். பெட்ரோல் போட்டால்தான் நிற்கிறது என்று நான் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டு, இதை முதலிலேயே சொல்லியிருக்கக்கூடாதா என்றான். அவனும்தான் கேட்கவில்லை. டாங்கில் எழும்புகிற பெட்ரோல் ஆவி வெளியே போகாமல் ஒரு கரி டப்பாவில் போய்த் தங்குமாம். என்ஜின் அதை ஒரு சின்ன வால்வு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து எரித்துவிடுமாம். அந்த வால்வு மூடாமல் திறந்தே கிடந்தால், புதிதாகப் பெட்ரோல் போட்டவுடன் ஆவி மொத்தமும் ஒரேயடியாக உள்ளே போய் என்ஜினுக்கு மூச்சு முட்டிவிடுமாம். எனக்கு நம்பிக்கை வரவில்லை, பம்ப்புக்கும் இப்படித்தான் கதை சொன்னான். காட்டு என்றேன். என்ஜினை ஓடவிட்டு, வால்வின் ஒயரைப் பிடுங்கினான், கரி டப்பாவிலிருந்து அதற்கு வருகிற டியூபைக் கழற்றி, வால்வின் வாயில் என்னை விரல் வைக்கச் சொன்னான். ஒயர் இல்லாவிட்டால் வால்வு தானாக மூடிக்கொள்ள வேண்டுமாம், மூடியிருந்தால் விரலில் ஒன்றும் தெரியக்கூடாதாம். என் விரலைச் சுர்ரென்று இழுத்தது. வால்வை வெளியே எடுத்துத் தட்டினான், கரித்தூள் கொட்டியது.

கரி எப்படி அங்கே வந்தது? பங்க்கில் பெட்ரோல் குழாய் டக்கென்று தானாக நின்றபிறகும் டாங்கில் திணித்தால், பெட்ரோல் அந்த டப்பாவுக்குள்ளேயே போய்க் கரியை உதிர்த்துவிடுமாம், அந்தத் தூள் வந்து சிக்கி வால்வை மூடவிடாதாம். யார் திணித்தார்கள் தெரியுமா? உங்கப்பா! முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு, ஜன்னல் வழியாக நல்ல கையை நீட்டிக் கதவைத் தட்டி, “ஊத்து, இன்னும் ஊத்து” என்று கழுத்துவரை நிரப்பச்சொன்ன மனுஷன் அவர்தான். நான் ஊரையே சந்தேகப்பட்டேன், பக்கத்து சீட்டைப் பார்க்கவில்லை. கேட்டதற்குச் சிரிக்கிறார். டப்பாவும் வால்வும் மாற்றியாகிவிட்டது. அதற்கப்புறம் அண்ணன் இரண்டு தரம் பெட்ரோல் போட்டுப் பார்த்தான், வண்டி நிற்கவில்லை.

ஆனால் கண்ணு, சாவி வரவில்லை. கையை நீட்டிக் கேட்டேன். “வண்டி சரியாயிடுச்சும்மா, இருந்தாலும் வயசாகுதில்ல, சாவி எங்கிட்டயே இருக்கட்டும்” என்கிறான். அப்படியானால் வண்டி நின்றது ஒரு சாக்கு, அவ்வளவுதானே? அவன் கெட்டவன் இல்லை, பயப்படுகிறான், எனக்கும் புரிகிறது. ஆனால் அவனுக்கு நேரம் கிடைத்தால்தான் அப்பாவுக்குப் பயிற்சி என்றாகிவிட்டது. வாதம் வந்த கையாலேயே டம்ளரைத் தூக்கிக் குடிக்கிற அளவுக்கு வந்திருந்தார். நேற்று டம்ளர் நழுவி மடியெல்லாம் தண்ணீர். அதைத் துடைக்கும்போது எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

கார் உன் பெயரில் இருக்கிறது. அதற்கு இன்னொரு சாவி உண்டு என்பதும், அது உன்னோடு விமானம் ஏறிவிட்டது என்பதும் எனக்குத் தெரியும். நீ இதில் யார் பக்கம் என்று நான் இனிமேல் போனில் கேட்டுக்கொண்டிருக்கப் போவதில்லை. அந்தச் சாவியை அனுப்பு.

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும். இருமலை அலட்சியம் செய்யாதே. பார்சலில் முகவரி எழுதும்போது கவனம், நம் வீட்டு முகவரி, அண்ணன் வீட்டு முகவரி இல்லை.

வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்,
உன் அம்மா