செம்போங் தழையும் ஒரு பானை வெந்நீரும்

அக்கா,

இன்று காலை ஈப்போ குனோங் ராபாட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், மலையடியில் புதர் வெட்டினார்கள். திடீரென்று வீடெல்லாம் சூடம் மணந்தது. சாமி மாடத்தைத் திரும்பிப் பார்த்தேன், நான் ஏற்றவில்லை. வெளியே போனால், மலாய்க்காரர்கள் செம்போங் என்பார்களே, அந்தச் செடி மஞ்சள் பூவோடு வெட்டுப்பட்டுக் கிடந்தது. நீ போய் எத்தனை காலமானாலும் அந்த வாசம் உன்னுடையதுதான்.

சிலிம் ரிவர் ரப்பர் தோட்டத்தில் என் மூத்தவள் பிறந்த சமயம். பிள்ளை பெற்ற உடம்புக்குச் செம்போங் தழை கொதித்த தண்ணீர் ஊற்ற வேண்டும். என் அம்மா தைப்பிங்கில் படுத்த படுக்கை. மாமியாரோ என்னை மருமகளென்றே ஏற்காதவள். ஊர் வாய்க்குப் பயந்து அன்று பானையை அடுப்பில் ஏற்றினாள். நீ களைக்கு மருந்தடிக்கும் வேலை முடிந்து, என்னைப் பார்க்க லயத்து வீட்டுக்கு வந்தாய்.

“தழை எங்க பறிச்சீங்க, அத்தை?”

“ரோட்டோரத்துலதான். இதுக்குன்னு காடு மேடெல்லாம் நடப்பாங்களா?”

“ஐயோ, காலையில அதுக்கு நாந்தானே மருந்தடிச்சேன் லா!”

சொன்ன வேகத்தில் பானையைச் சாக்கடையில் கவிழ்த்தாய். மருந்து பட்ட இலை உடனே வாடாது. பார்வைக்குப் பச்சையாகத்தான் இருந்தது. எனக்குப் புண்கூட ஆறவில்லை. மார்பில் குழந்தை. அந்தத் தண்ணீர் மேலே விழுந்திருந்தால்!

மாமியாருக்கு ரோஷம். “நான் வச்ச தண்ணியக் கொட்டிட்டாள்ல? இனி அவளே ஊத்தட்டும்.”

“ஊத்துறேன். நீங்க வெத்தலையப் போட்டுக்கிட்டு ஒக்காருங்க.”

மழையில் ஆற்றங்கரைக் கம்பத்துக்கு, அந்த மலாய்க் கிராமம் வரை நடந்து, அங்கிருந்த மலாய்க்காரப் பெண்களிடம் கேட்டு, தழையைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்தாய். முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்து, மருந்து நாற்றம் போனதா என்று என்னையே முகரச் சொன்னாய். பிறகுதான் என்னைத் தொட்டாய். உடம்பு தேறும் வரை தினமும் வந்தாய். சொந்தமா, பந்தமா? நன்றி சொல்ல வாயெடுத்தால், “பேசாம இரு, குளுர் ஏறிக்கும்” என்பாய். மூத்தவளும் நானும் இன்று இருக்கிறோம், அக்கா.

மாமியாரை நான் மன்னிக்கவில்லை. தெரியாமல் பறித்தது போகட்டும். அப்புறம் ஒரு செம்பு தண்ணீர்கூட மொண்டு தரவில்லையே, அதை எப்படி மறப்பது? எண்பதுகளில் தோட்டத்தை விட்டு ஈப்போவுக்கு வந்தபின் அவளுக்குக் கை கால் விழுந்தது. பெற்ற மகள்கள் எட்டிப் பார்க்கவில்லை. நான்தான் குளிப்பாட்டினேன்.

“ஒனக்கு எம்மேல கோவம் இல்லையா?” என்று ஒருநாள் கேட்டாள்.

“இருக்கு. கண்ண மூடிக்கிங்க.”

இன்னமும் இருக்கிறது, அக்கா. ஆனாலும் முதல் குவளையை என் கையில் ஊற்றிச் சூடு பார்த்த பிறகே அவள்மேல் ஊற்றினேன். எனக்கு நீ அப்படித்தான் செய்தாய்.